பீரோவிலிருந்து வந்த வாட்ச்: எது கோளாறு, எது கோளாறே இல்லை

அப்பாவின் வாட்ச் எனக்குக் கிடைத்தது ஒரு பட்டுவேட்டியின் மடிப்புக்குள்ளிருந்து. எச்எம்டி ஜனதா. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, மாப்பிள்ளைக்குப் போட்டது. கண்ணாடி முழுக்கக் கீறல், வார் இற்றுப்போய்க் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எடுத்த எடுப்பில் சாவி கொடுத்துக் காதில் வைத்தேன். டிக் டிக் என்று ஓடியது. சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அது தப்பு. முப்பது வருடம் சும்மா கிடந்த வாட்சில் எண்ணெய் என்று எதுவும் இருக்காது. காய்ந்து பிசினாகியிருக்கும், அதில் தூசியும் சேர்ந்திருக்கும். சக்கரங்களின் அச்சு முனைகள் தலைமுடி கனத்துக்கு எஃகு ஊசிகள். அவை செயற்கை மாணிக்கக் கல் துளைகளில் சுழல்கின்றன. டயலில் 17 ஜூவல்ஸ் என்று போட்டிருப்பது இந்தக் கற்களைத்தான். பிசினும் தூசியும் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி. ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஊசிமுனை தேய்கிறது. கல் தேயாது, எஃகுதான் தேயும். என் வாட்சில் ஒரு சக்கரம் மாற்ற வேண்டியதாயிற்று. அதில் எத்தனை பங்கு அந்த இரண்டு நாள் உற்சாகத்துக்குச் சேரும் என்று சர்வீஸ் செய்த பெரியவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே வாட்ச் கைக்கு வந்ததும் முதலில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், சாவி (திருகும் குமிழ்) இருக்கும் பக்கம், வார் மாட்டும் கொம்புகளுக்கு நடுவில். எதையும் துடைப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பின்மூடியைத் திறக்கத் தெரியாவிட்டால் சமையல் கத்தியோடு உட்காராதீர்கள். கடையில் கொடுத்துத் திறக்கச் சொல்லி, மெஷினையும் மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி அறிகுறிகள். உங்கள் வாட்ச் எதைச் செய்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம்.

சாவி இறுகி நிற்கிறது, வாட்ச் ஓடவில்லை

"ஓவரா சாவி கொடுத்து லாக் ஆயிடுச்சு" என்று வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் பழி இது. பெரும்பாலும் குழந்தைகள் மேல் விழும். உண்மையில் கையால் சாவி கொடுக்கும் வாட்சில் மெயின் ஸ்பிரிங் முழுதாகச் சுருண்டதும் சாவி நிற்கத்தான் வேண்டும். அதுதான் அதன் இயல்பு. ஸ்பிரிங் நிறைந்திருக்கிறது, ஆனால் அந்தச் சக்தி சக்கரங்கள் வழியாகப் போக முடியாமல் காய்ந்த எண்ணெயில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான்.

சோதனை எளிது. டயல் உங்களைப் பார்த்திருக்க, வாட்சைத் தட்டு சுற்றுவதுபோல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்புங்கள். குலுக்க வேண்டாம். நொடிமுள் சில நொடி ஓடி நின்றால் அனேகமாக எண்ணெய்ப் பிரச்சினை. பிரித்து அலசி எண்ணெய் இட்டால் சரியாகிவிடும். நல்ல செய்திதான்.

நொடிமுள் அசையவே இல்லை என்றால் பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் வீலைப் பார்க்க வேண்டும். மெஷினுக்குள் இங்கும் அங்கும் ஊசலாடும் அந்தப் பொன்னிற வளையம். அது ஒரு பக்கம் சாய்ந்தோ, தள்ளாடியோ இருந்தால் அதன் அச்சு, அதாவது பேலன்ஸ் ஸ்டாஃப், ஒடிந்திருக்கலாம். எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. இந்த ஒடிவுக்கு எதிராகத்தான் அதிர்ச்சி தாங்கும் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். எச்எம்டி டயலில் இருக்கும் 'பாரா ஷாக்' அதுதான். பெங்களூர் தொழிற்சாலை 1961 இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கியபோது அங்கிருந்து வந்த ஏற்பாடு. ஆரம்பகால டயல்களில் சிட்டிசன் பெயரும் சேர்ந்தே இருக்கும். உங்கள் வாட்சில் அப்படி இருந்தால் அந்த டயலை யாரையும் தொட விடாதீர்கள்.

சாவி சுற்றிக்கொண்டே போகிறது, முடிவே இல்லை

முதல் கேள்வி: இது ஆட்டோமேட்டிக் வாட்சா, அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் வகையா? ஆட்டோமேட்டிக் என்றால் முடிவு வராமல் இருப்பதுதான் சரி. அதில் ஸ்பிரிங்கின் நுனி, அது சுருண்டு கிடக்கும் பீப்பாயின் சுவரில் வழுக்கிக்கொள்ளும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள்.

கையால் சாவி கொடுக்கும் வாட்சில் முப்பது நாற்பது சுற்றுக்குப் பிறகும் இறுக்கமே வரவில்லை என்றால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும், அல்லது அதன் கொக்கி கழன்றிருக்கும். ஸ்பிரிங் மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. சாவியை விட்டதும் அது கையில் விர்ரென்று பின்னோக்கிச் சுற்றினால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் 'கிளிக்' என்ற சின்ன நாக்கோ, அதைத் தள்ளும் கம்பியோ போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பழுது, கூலியும் வேறு. கடைக்காரரிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே அவர் பேசும் விதம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

சீகோ 5: சாவியைச் சுற்றினால் ஒன்றுமே நடக்கவில்லை

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று யாராவது போய் வந்த வீடுகளில் இந்த வாட்ச் ஒன்றாவது இருக்கும். நண்பன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "சித்தப்பா வாட்ச்டா, சாவியே ஏற மாட்டேங்குது, உள்ள எல்லாம் போச்சு போல." நாலு மணி இருக்கும் இடத்தில் சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருந்தது.

6119, 7009, 7எஸ்26 போன்ற சீகோ 5 மெஷின்களில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. கை அசைவில்தான் ஏறும். அதனால்தான் சாவி கண்ணை உறுத்தாமல் நாலு மணிக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருக்கிறது. சில பழைய மாடல்களில் சாவியை உள்ளே அழுத்தினால் தேதி மாறும், இன்னும் அழுத்தினால் கிழமை மாறும். இது தெரியாமல் சாவியை இழுத்து இழுத்தே பலர் கெடுத்திருக்கிறார்கள். சர்வீஸ் ஆன வாட்ச் என்றால் அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள், போதும்.

சீகோவில் இன்னொரு வசதி, வயதைக் கண்டுபிடிப்பது எளிது. பின்மூடியில் நான்கு இலக்க மெஷின் எண் இருக்கும், தனியாக ஆறு அல்லது ஏழு எழுத்துகளில் வரிசை எண் இருக்கும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரியிலிருந்து செப்டம்பர், பூஜ்யமோ 'ஓ'வோ என்றால் அக்டோபர், 'என்' என்றால் நவம்பர், 'டி' என்றால் டிசம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். 6119 மெஷினில் வரிசை எண் 25 என்று தொடங்கினால் அது மே 1972. 1962 இல் அந்த மெஷினே வரவில்லை, 1982 இல் அதன் காலம் முடிந்துவிட்டது. 7எஸ்26 என்றால் 1996க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை. "சித்தப்பா எழுபத்தெட்டில் வாங்கியது" என்று குடும்பத்தில் அடித்துச் சொன்னாலும் சரி.

நண்பனுடைய வாட்ச் 7009. வரிசை எண் 8 இல் தொடங்கியது. 1978ஆ 1988ஆ என்பதை எண் சொல்லாது. சித்தப்பாவின் பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைதான் சொன்னது: 1989 பொங்கலுக்கு ஊர் வந்திருக்கிறார்.

சாவி கையோடு வந்துவிட்டது

பயப்பட வேண்டாம். வந்த துண்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். சாவியோடு நீளமான ஒரு தண்டு முழுதாக வந்திருந்தால் உள்ளே பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்டு பாதியில் ஒடிந்து நுனியில் துரு தெரிந்தால் வியர்வை வேலை செய்திருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றிலும் வியர்வையிலும் முதலில் போவது இந்தத் தண்டுதான். துரு அங்கே மட்டும் நின்றதா, டயலுக்கு அடியிலும் பரவியதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புதுச்சாவி போட்டால் பழையதைக் கேட்டு வாங்கி ஒரு சின்னக் கவரில் போட்டு வையுங்கள். முத்திரை பதித்த பழைய சாவி மறுபடி கிடைப்பது கஷ்டம்.

ஒரு மணி நேரத்துக்குப் பல நிமிடம் வேகமாக ஓடுகிறது

பழைய வாட்ச் மெதுவாக ஓடினால் வயது என்று சொல்லலாம். வேகமாக ஓடினால் வயதைக் குறை சொல்ல முடியாது. பேலன்ஸ் வீலின் நடுவில் தலைமுடியை விடச் சன்னமாக ஒரு சுருள் இருக்கிறது, ஹேர் ஸ்பிரிங். அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் குட்டையானதுபோல் ஆகிவிடும், துடிப்பு வேகம் எடுக்கும். ஒட்டவைப்பது இரண்டு: எண்ணெய் அல்லது காந்தம்.

இந்தக் காலத்தில் காந்தம்தான் அதிகம். போன் கவரின் காந்தப் பொத்தான், ஸ்பீக்கர், ஹேண்ட்பேக்கின் பிடி. பழைய வாட்சை மேசையில் போனுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒரு சாதாரணத் திசைகாட்டியை வாட்சின் மேல் கொண்டுபோங்கள். பேலன்ஸ் வீல் இருக்கும் இடத்தில் முள் துடிப்போடு சேர்ந்து நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. கடையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்கள், அதன் மேல் வைத்து எடுத்தால் சில நொடியில் இறங்கிவிடும். இதற்கு முழு சர்வீஸ் கூலி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாளுக்குச் சில நிமிடம் முந்துகிறது அல்லது பிந்துகிறது

இதைக் கோளாறு என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. ஜனதாவில் இருக்கும் 0231 மெஷின் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. நாளுக்கு ஒரு நிமிடம் பிந்துகிறது என்றால் அந்த நாலேகால் லட்சத்துச் சொச்சத்தில் 300 துடிப்பு குறைந்திருக்கிறது. ஐம்பது வயது மெஷினுக்கு அது மானக்கேடு இல்லை. நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே என்றால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

அதற்கு மேல் போனால் போன் மைக்கில் துடிப்பைக் கேட்டு அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வேகத்தைவிட 'வீச்சு' என்ற எண்தான் முக்கியம். பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி ஊசலாடுகிறது என்பது அது. சாவி நிறைந்து, டயல் மேல்நோக்கி இருக்கும்போது 270க்குப் பக்கத்தில் இருந்தால் மெஷின் ஆரோக்கியம். 200க்குக் கீழே என்றால் எண்ணெய் போய்விட்டது. அந்த நிலையில் வேகத்தைத் திருத்துவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் தேய்ப்பது போலத்தான்.

வீச்சு நன்றாக இருந்தால் மட்டுமே பேலன்ஸுக்கு மேலே இருக்கும் குட்டி நெம்புகோலைத் தொட வேண்டும். 'எஃப்', 'எஸ்' என்று இருந்தால் வேகம், மெதுவு. சுவிஸ் வாட்சில் 'ஏ', 'ஆர்' என்று இருக்கும். பிரெஞ்சில் முந்து, பிந்து. மயிரிழை நகர்த்தினாலே நாளுக்கு நிமிடக்கணக்கில் மாறும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் ஹேர் ஸ்பிரிங் போச்சு. கை நடுங்கும் ஆள் என்றால் விட்டுவிடுங்கள். நான் விட்டுவிட்டேன்.

ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. திறக்காமலேயே பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு துண்டுத் தாளில், நிற்கும்போதெல்லாம் மணி, நிமிடம், நொடி மூன்றையும் எழுதி வையுங்கள். ஐந்தாறு தடவை எழுதினால் போதும்.

நொடிமுள் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், நிமிடம் எதுவாக இருந்தாலும், நொடிச்சக்கரத்தில் ஒரு பல்லில் அழுக்கோ வளைவோ இருக்கிறது. முட்கள் ஒன்றின் மேல் ஒன்று வரும் நேரங்களில் மட்டும் நின்றால், ஒரு முள் வளைந்து இன்னொன்றின் மேல் உரசுகிறது. பக்கவாட்டில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாலே தெரியும். ராத்திரி பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் நின்றால், தேதி காட்டும் வாட்சில் சந்தேகம் தேதிச்சக்கரத்தின் மேல். தேதியைத் தள்ளும் அந்த நேரத்தில்தான் மெஷினுக்குப் பாரம் கூடுகிறது, நோஞ்சான் மெஷின் அங்கே மூச்சு விட்டுவிடுகிறது. ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை சாவியால் தேதியை மாற்றக்கூடாது என்பதும் இதனால்தான். பற்கள் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும், மாற்றினால் ஒடியும்.

தேதி மத்தியானம் பன்னிரண்டுக்கு மாறுகிறதா? கோளாறே இல்லை. முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னே தள்ளுங்கள்.

மேசையில் ஓடுகிறது, கையில் கட்டினால் நிற்கிறது என்பது வேறு. படுத்திருக்கும்போது ஊசிமுனை நுனியில் சுழல்கிறது, நிமிர்ந்திருக்கும்போது பக்கவாட்டில் உரசுகிறது. முனை தேய்ந்திருந்தால் இந்த வித்தியாசம் வெளியே வரும். இதற்கு எண்ணெய் மட்டும் போதாது.

நொடிமுள் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் நேரம் பின்னால் போகிறது

மெஷின் நன்றாக இருக்கிறது. நிமிடமுள் உட்கார்ந்திருக்கும் 'கேனன் பினியன்' என்ற குழல் தளர்ந்து வழுக்குகிறது. நேரம் வைக்கும்போது சாவி வெண்ணெய் மாதிரிச் சுற்றுகிறதா என்று பாருங்கள், லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும். அந்தக் குழலை ஒரு கருவியால் லேசாக அழுத்தி இறுக்குவது பத்து நிமிட வேலை. இந்த ஒரு அறிகுறி தெரியாமல் முழு சர்வீஸ் இரண்டு முறை செய்தும் சரியாகவில்லை என்று சலித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்குள் பனி படிகிறது

இது மட்டும்தான் அவசரம். வெயிலில் வைக்காதீர்கள், ஈரம் ஆவியாகி இன்னும் உள்ளே போகும். அரிசி டப்பாவில் போடும் வேலையும் வேண்டாம். அரிசியில் மாவுத்தூள் இருக்கிறது. சாவியை வெளியே இழுத்து வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் போட்டு, அன்றைக்கோ மறுநாளோ கடைக்குக் கொண்டுபோங்கள். எஃகு துருப்பிடிக்க ஒரு வாரம் காத்திருக்காது. பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டண்ட்' என்று எழுதியிருப்பது அன்றைய ரப்பர் வளையத்தை நம்பி எழுதியது. அந்த ரப்பர் இப்போது கல்லாகியிருக்கும்.

டயலில் அழுக்கு, கண்ணாடியில் கீறல், முலாம் மங்கல்

கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். கீறல்களை மெல்லிய துணியில் வெள்ளைப் பற்பசை தொட்டு வட்டமாகத் தேய்த்தாலே பெருமளவு போகும். மெஷினைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.

முலாம் பூசிய உறையைத் தேய்க்காதீர்கள். சுவிஸ் வாட்ச்களில் பத்து மைக்ரான், இருபது மைக்ரான் என்று பொறித்திருப்பார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலிஷ் சக்கரத்தில் பிடித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

டயலைத் துடைக்கவே கூடாது. ஈரத்துணி பட்டால் கம்பெனி பெயரே துணியோடு வந்துவிடும். நான் பார்த்த பழைய டயல் சேதங்களில் பாதி, யாரோ அன்போடு துடைத்ததால் வந்தது.

இருட்டில் மின்னும் எதையும் நாம் 'ரேடியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சைக்கிள் ஸ்டிக்கரும் ரேடியம், சாமி படமும் ரேடியம். ஆனால் 1960களுக்கு முந்தைய வாட்ச் ஒன்று தாத்தாவிடமிருந்து வந்திருந்தால் அதில் இருப்பது நிஜ ரேடியமாக இருக்கலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் ஊரில் இந்த எண்களை வரைந்த பெண்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லித் தரப்பட்டார்கள். தாடை அழுகி இறந்தவர்கள் உண்டு. அவர்களில் ஐந்து பேர் தொடுத்த வழக்கு 1928 இல் சமரசமாக முடிந்தது. அந்த வாட்ச் இப்போது மின்னாது, மின்னும் சாயம் களைத்துவிட்டது. ரேடியம் களைக்கவில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். எண்களோ முட்களோ காவி நிறமாகி, முள் வெகுகாலம் நின்ற இடத்தில் டயலில் தீய்ந்த நிழல் விழுந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். தூசி மூச்சோடு போவதுதான் பெரிய ஆபத்து. டயலின் முகத்தில் ஆறு மணிக்குக் கீழே 'டி ஸ்விஸ் டி' என்று இருந்தால் அது டிரிட்டியம் என்ற வேறு கதிரியக்கப் பொருள். அதன் பாதி ஆயுள் 12 வருடச் சொச்சம்தான், பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எதுவோ இடிக்கிறது

ஐம்பது வயது வாட்சின் டயல் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தால் மறுபடி வரைந்த டயல். எழுத்தின் விளிம்பு தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களோடு ஒட்டாமல் சற்று விலகும், நிமிடமுள் கோட்டைத் தொடாமல் குட்டையாக நிற்கும். ஆரஞ்சு, ஊதா என்று கம்பெனி போடாத நிறங்கள் வரும். எச்எம்டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016 இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு பைலட், ஜனதா, கோஹினூர் மேல் எல்லோருக்கும் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. ஆன்லைனில் விற்கும் பளபளப்பு பலவும் இப்படிச் சேர்த்துக் கட்டியவைதான்.

சுவிஸ் பெயர் போட்ட வாட்ச் என்றால் பேலன்ஸ் வீலுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். டயலில் ஒரு பெயர் இருக்கும், மெஷினில் வேறு முத்திரையும் ஓர் எண்ணும் இருக்கும். அது போலி என்று அர்த்தமில்லை. கிரென்ஷென் நகரத்து 'ஏஎஸ்' போன்ற மெஷின் ஆலைகளிடம் வாங்கித்தான் பல கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டன. உதிரிபாகம் தேடும்போது டயல் பெயரைச் சொன்னால் கிடைக்காது, அந்த எண்ணைச் சொன்னால் கிடைக்கும்.

ஆனால் விற்கும் எண்ணம் இல்லாத வாட்சில், அப்பாவே ஒரு காலத்தில் டயலை மாற்றியிருந்தால் அதை 'ஒரிஜினல்' ஆக்கத் துடிக்காதீர்கள். அவர் பார்த்து மணி சொன்ன டயல் அதுதானே.

கடையில்

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். முழுதாகப் பிரிப்பீர்களா, இல்லை அப்படியே பெட்ரோலில் அலசுவீர்களா? டயலைத் தொடாமல் செய்வீர்களா? கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? முதல் கடையில் முதல் கேள்விக்கே அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கூண்டுக் கடை. பெரியவர் மூடியைத் திறந்து, மெஷினைப் பார்க்காமல் மூடியின் உட்புறத்தைத்தான் முதலில் வெளிச்சத்தில் சாய்த்தார்.

"மூணு தடவை கை பட்டிருக்கு தம்பி" என்றார்.

ஊசியால் கீறிய சின்ன எழுத்துகள். சர்வீஸ் செய்பவர்கள் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் இப்படிக் கீறி வைப்பது பழைய வழக்கம். 4/71. 11/78. 6/86. கடைசி இரண்டும் ஒரே கையெழுத்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் குவார்ட்ஸ் வாட்ச்கள் 1987 இல் கடைக்கு வந்தன. அப்பாவும் அடுத்த வருடமே பேட்டரி வாட்ச் ஒன்றுக்கு மாறினார் என்று அம்மா சொன்னார். கணக்கு சரியாக உட்கார்ந்தது. இடிப்பது முதல் தேதிதான். அப்பா கல்யாணம் 1973. அதற்கு இரண்டு வருடம் முன்பே சர்வீஸ் ஆன வாட்ச் என்றால் தாத்தா மாப்பிள்ளைக்குப் புதிதாக வாங்கவில்லை, தன் கையில் கட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டிருக்கிறார்.

அம்மாவிடம் கேட்டேன். "அந்த வருஷம் மழையே இல்ல" என்று மட்டும் சொன்னார்.

பத்து நாள் கழித்து வாட்சை வாங்கப் போனபோது பெரியவர் மூடியைப் போடாமல் வைத்திருந்தார். "கீறட்டுமா? சில பேருக்குப் பிடிக்காது, கேட்டுக்கிறேன்."

"கீறுங்கய்யா" என்றேன். மூன்றாவது வரிக்குக் கீழே இடம் பார்த்து, மாதத்தையும் வருடத்தையும் கீறிவிட்டு மூடினார். இப்போது நாளுக்கு நாற்பது நொடி பிந்துகிறது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுக்கிறேன்.